அனுபவம் யாருடையது? சார்லீன் ஹாடக் சீக்ஃப்ரீடின் தத்துவப் பணி பற்றி ஒரு விரிவான பதில்

முதுகலைத் தத்துவம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “சார்லீன் ஹாடக் சீக்ஃப்ரீட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பெண்ணியத்தையும் பிராக்மாட்டிசத்தையும் இணைத்தவர் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வில்லியம் ஜேம்ஸைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் எப்படிப் பெண்ணியத்துக்கு வந்தார்? ‘இது என் அனுபவம்’ என்று ஒருவர் சொன்னால் தத்துவத்தில் அது செல்லுமா? இதையெல்லாம் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?”

வகுப்பில் சொன்ன அந்த ஒரு வரியைக் கேட்டால், பெண்ணியம் ஒன்று, அறிவு செயலிலிருந்து வருகிறது என்று சொல்லும் பிராக்மாட்டிசம் என்ற அமெரிக்கத் தத்துவ மரபு இன்னொன்று, ஏற்கெனவே தனித்தனியாக இருந்த இந்த இரண்டையும் எடுத்து ஒட்டவைத்தார் என்று தோன்றும். என் வாசிப்பில் நடந்தது வேறு. அவர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். ‘அனுபவம்’ என்பதுதான் அந்தச் சொல். இருபது வருடம் அதை விடாமல் தொடர்ந்தார், அது கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் பெண்கள் இருந்தார்கள். ஆகவே முதலில் அவருடைய பாதையைச் சொல்கிறேன், அப்புறம் அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

சீக்ஃப்ரீட் சிகாகோவில் உள்ள லயோலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கழிந்தது. 1978இல் வந்த முதல் புத்தகம் பிராக்மாட்டிசத்தின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸைப் பற்றியது, ‘குழப்பமும் சூழலும்’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். 1990இல் இரண்டாவது புத்தகம், அதுவும் ஜேம்ஸ்தான்: தத்துவத்தையே அடியிலிருந்து திருப்பிக் கட்ட ஜேம்ஸ் எடுத்த முயற்சியைப் பற்றியது. அடுத்த வருடமே ‘ஹைபேஷியா’ என்ற பெண்ணியத் தத்துவ இதழில் ‘பிராக்மாட்டிசப் பெண்ணியவாதிகள் எல்லாம் எங்கே?’ என்று ஒரு கட்டுரை. 1993இல் அதே இதழ் பெண்ணியமும் பிராக்மாட்டிசமும் என்ற பொருளில் சிறப்பிதழ் கொண்டுவந்தபோது அதன் அழைப்பாசிரியர் அவர். 1996இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘பிராக்மாட்டிசமும் பெண்ணியமும்: சமூக நெசவை மறுபடி நெய்தல்’தான் இந்தத் துறைக்கே அடித்தளமான புத்தகம். பிறகு இன்னொரு பிராக்மாட்டிசத் தத்துவவாதியான ஜான் டூயியைப் பெண்ணிய நோக்கில் வாசிக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தொகுத்தார். சிகாகோவில் ஏழைத் தொழிலாளர் நடுவே ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய ஜேன் ஆடம்ஸின் இரண்டு புத்தகங்கள் 2002இல் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மறுபதிப்பாக வந்தபோது இரண்டுக்கும் முன்னுரை எழுதினார். அமெரிக்கத் தத்துவ வளர்ச்சிக்கான சங்கத்தின் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

இந்த வரிசையில் என் கண்ணில் படுவது அந்த 1978க்கும் 1991க்கும் இடையே உள்ள காலம். ஒரே ஒரு ஆண் தத்துவவாதியின் எழுத்தை அவ்வளவு பொறுமையாக, வரி வரியாகப் படித்தார். ஜேம்ஸை அந்த அளவுக்கு உள்ளே போய்ப் படித்ததால்தான் ஜேம்ஸிடம் எது விட்டுப்போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

சரி, ஜேம்ஸிடம் அப்படி என்ன இருந்தது?

பிராக்மாட்டிசத்தைத் தமிழில் ‘பயனீட்டுவாதம்’, ‘நடைமுறைவாதம்’ என்றெல்லாம் எழுதுகிறோம். இரண்டுமே ‘காரியம் ஆனால் சரி’ என்கிற மாதிரி ஒரு வாசனையைக் கொண்டுவந்துவிடுகின்றன. அதனால் நான் பிராக்மாட்டிசம் என்றே எழுதுகிறேன். அதன் மையம் பயன் அன்று, அனுபவம் என்பதைப் பற்றிய ஒரு புது எண்ணம். லாக், ஹியூம் போன்ற பிரிட்டிஷ் அனுபவவாதிகளுக்கு அனுபவம் என்றால் புலன் வழியாக மனசுக்குள் வந்து விழும் பதிவுகள். வெளியே உலகம், உள்ளே படம். ஜேம்ஸும் டூயியும் இந்தப் பிரிவினையையே ஏற்கவில்லை.

டூயி 1896இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு குழந்தை மெழுகுவர்த்தியை நோக்கிக் கை நீட்டுகிறது, சுட்டுக்கொள்கிறது. அன்றைய உளவியல் இதை மூன்று துண்டாக வெட்டியது: ஒளி என்ற தூண்டல், கை நீட்டல் என்ற செயல், அதன் பிறகு வலி. டூயி சொல்கிறார், தொடக்கமே ஒளி இல்லை, குழந்தை பார்க்கிறது என்ற செயல்தான் தொடக்கம். அது மட்டுமில்லை, சுட்டுக்கொண்ட பிறகு அந்தக் குழந்தை பார்க்கும் ஒளி பழைய ஒளி இல்லை. தொட்டால் வலிக்கும் என்று பொருள்படும் ஒளி அது. பார்வையே மாறிவிட்டது. செய்வதும் படுவதும் சேர்ந்த இந்தச் சுற்றுக்குத்தான் அவர் அனுபவம் என்று பெயர் வைக்கிறார்.

நம் மொழியில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, ‘பட்டறிவு’. படுதல் என்ற வினை அதற்குள்ளேயே இருக்கிறது. ‘பட்டால்தான் தெரியும்’ என்று வீட்டில் சொல்வார்களே, அதுவேதான். டூயியின் நூல்களைப் படிக்கும்போது ‘அனுபவம்’ என்று வரும் இடங்களில் மனசுக்குள் ‘பட்டறிவு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

ஜேம்ஸ் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறார். சமய அனுபவங்களைப் பற்றிய 1902ஆம் ஆண்டு நூலில் ‘முழு உண்மை’ என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு பொருள் மட்டும் உண்மை ஆகிவிடாது. அந்தப் பொருள், அதை உணரும் நனவு, அதன் மேல் இருக்கும் மனநிலை, அந்த மனநிலைக்குச் சொந்தமான ‘நான்’ என்ற உணர்வு, எல்லாம் சேர்ந்தால்தான் முழு உண்மை. இதில் கடைசியாக வருவதைக் கவனியுங்கள். யார் அனுபவிக்கிறார் என்பது அனுபவத்தின் ஒரு பகுதி. அப்படியென்றால் அந்த யார் ஆணா, பெண்ணா, முதலாளியா, வேலைக்காரியா என்று கேட்டே ஆக வேண்டும். ஜேம்ஸ் கதவைத் திறந்து வைத்தார், ஆனால் அந்த வழியாக அவர் போகவில்லை. சீக்ஃப்ரீட் போனார். 1996 நூலின் ஏழாவது அத்தியாயத்தின் தலைப்பே ‘யார் அனுபவிக்கிறார்?’ என்பதுதான்.

ஜேம்ஸ் போகவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? 27 வயதில், 1869இல், ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களின் அடிமைநிலை பற்றி எழுதிய நூலுக்கு ஜேம்ஸ் மதிப்புரை எழுதினார். கணவனும் மனைவியும் சமமான நண்பர்களாக வாழும் திருமணத்தை மில் இலட்சியமாக வைக்கிறார். ஜேம்ஸ் தயங்குகிறார். உலகத்தில் அடிபட்டு வரும் சாதாரண அமெரிக்க ஆணுக்கு, எந்தப் போட்டியும் இல்லாமல் அவனை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஓர் இடமாக வீடு தேவைப்படுகிறது என்பது அவர் வாதத்தின் போக்கு. வீட்டில் இருப்பவளுக்கு என்ன தேவைப்படுகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஜேம்ஸின் எழுத்தில் பெண்கள் வரும் இப்படிப்பட்ட இடங்களை சீக்ஃப்ரீட் 1996 நூலில் விரிவாக எடுத்து வைக்கிறார். இருபது வருடம் நேசித்துப் படித்த ஒருவரைப் பற்றி இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும்.

நான் படித்தபோது கவனித்த இன்னோர் இடத்தையும் சொல்கிறேன். மனிதர்களிடம் இருக்கும் ஒருவிதக் குருட்டுத்தனம் பற்றி ஜேம்ஸ் ஓர் அழகான கட்டுரை எழுதியிருக்கிறார், 1899இல் நூலில் வந்தது. வட கரோலினா மலைகளில் பயணம் போகிறார். காட்டை வெட்டி எரித்துக் குடியேறியவர்களின் நிலங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகின்றன. வண்டி ஓட்டி வந்த மலைவாசியோ, இப்படி ஒரு பள்ளத்தாக்கைச் சாகுபடிக்குக் கொண்டுவராவிட்டால் எங்களுக்குச் சந்தோஷமே இல்லை என்கிறார். ஜேம்ஸுக்குச் சட்டென்று புரிகிறது. தனக்கு வெறும் அழிவாகத் தெரிந்த அடிமரங்கள் அவர்களுக்கு உழைப்பின் வெற்றி. மற்றவர் வாழ்க்கைக்கு உள்ளே இருக்கும் அர்த்தத்தை வெளியே நின்று அளக்கக் கூடாது என்ற பாடம் அதிலிருந்து வருகிறது. ஆனால் அந்தக் காட்சியில் குடியேறியவனின் மனைவியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கோடாலி, துப்பாக்கி, பன்றி, கோழிகளோடு ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காடுவெட்டிய நிலம் அவளுக்கு என்னவாக இருந்தது? குருட்டுத்தனம் பற்றிய கட்டுரையே அதைக் கேட்காமல் முடிந்துவிடுகிறது.

டூயியிடம் சீக்ஃப்ரீடுக்கு வேறொரு பிடி கிடைத்தது. முதல் உலகப் போர் முடியும் காலத்தில் கலிஃபோர்னியாவில் ஆற்றிய, 1919இல் அச்சான ‘தத்துவமும் மக்களாட்சியும்’ என்ற உரையில் டூயி சொல்கிறார்: பெண்கள் இதுவரை தத்துவத்துக்குப் பெரிதாகப் பங்களிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுடைய தத்துவத்தைப் படிக்கும் மாணவிகளாக மட்டும் இல்லாமல் அவர்களே எழுதத் தொடங்கும்போது, ஆண்களின் வேறுபட்ட அனுபவத்திலிருந்து பிறந்த தத்துவத்தின் பார்வையும் தொனியும்தான் அதிலும் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது. 1919இல் ஒரு முன்னணித் தத்துவவாதி வெளிப்படையாக இப்படிச் சொன்னது பெரிய விஷயம். இந்த வரிகளை சீக்ஃப்ரீட் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்.

அதில் ஒரு தவறும் இருக்கிறது. பெண்கள் எழுதத் தொடங்கும்போது என்று டூயி எதிர்காலத்தில் பேசுகிறார். அவரைச் சுற்றியே பல வருடங்களாக எழுதிக்கொண்டும் செய்துகொண்டும் இருந்தார்கள். சீக்ஃப்ரீடின் பணியில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இந்தப் பெண்களைத் தத்துவவாதிகளாகத் திரும்பக் கொண்டுவந்ததுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889 செப்டம்பரில் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார்கள். இத்தாலியர், யூதர், ஐரிஷ், கிரேக்கர் என்று குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த பகுதி அது. படித்த பெண்கள் அங்கேயே வந்து குடியிருந்து அண்டை வீட்டாராக வாழ்வது திட்டம். டூயி 1894இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், இந்த வீட்டுக்கு அடிக்கடி போவார். அந்த வருடம் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நகரத்தையே இரண்டாகப் பிளந்திருந்தது. அக்டோபரில் ஒரு நாள் இரவு டூயிக்கும் ஆடம்ஸுக்கும் விவாதம். முரண்பாடும் மோதலும் வளர்ச்சிக்குத் தேவை என்பது ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் வழியில் வந்த டூயியின் எண்ணம். ஆடம்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பகைமை பொருளிலிருந்து வருவதில்லை, ஒருவர் தன் சொந்த உணர்ச்சியை அதற்குள் திணிப்பதால் வருகிறது, அது தேவையே இல்லை என்றார். டூயி வீட்டுக்குப் போய் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார். முதலில் அதிர்ச்சி. யோசித்த பிறகு, தான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்போல இருக்கிறது என்கிறார். அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஆடம்ஸுக்கும் எழுதினார்.

தத்துவ வரலாற்றில் இது பதிவாக வேண்டிய தருணம். ஆனால் பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களில் டூயி தத்துவவாதி, ஆடம்ஸ் சமூக சேவகி. 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றதால் அந்தச் ‘சேவகி’ முத்திரை இன்னும் ஆழமாகக் குத்தப்பட்டது. கோட்பாடு பல்கலைக்கழகத்தில் பிறக்கும், அதை நடைமுறைப்படுத்துவது வெளியே நடக்கும் என்ற எண்ணத்தின் விளைவு இது. பிராக்மாட்டிசம் மறுத்ததே இந்தப் பிரிவினையைத்தான். அறிவு செயலிலிருந்து வருகிறது என்று சொன்ன ஒரு தத்துவத்தின் வரலாற்றை, செயலில் இருந்த பெண்களை விலக்கி எழுதியிருக்கிறார்கள். சீக்ஃப்ரீட் காட்டும் இந்த முரணை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு பழைய பாடநூலைப் பழைய மாதிரி படிக்க முடிவதில்லை.

ஆடம்ஸ் பட்டறிவை எப்படித் தத்துவமாக்கினார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ‘ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்’ என்ற 1910 நூலில் அவரே எழுதியது. குளிர்காலத்தில் வேலை இழந்த எழுத்தர் ஒருவர் உதவி கேட்டு வருகிறார். வேலை செய்யும் உடம்பு உள்ளவருக்கு, கிடைக்கிற வேலையை முயன்று பார்க்காமல் நிவாரணம் கொடுக்கக் கூடாது என்பது அன்றைய தர்ம நிறுவனங்களின் விதி. சிகாகோவில் வடிகால் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே வேலை இருந்தது. நான் எப்போதும் உள்ளே உட்கார்ந்தே வேலை செய்தவன், குளிரில் வெளியே வேலை செய்தால் என் உடம்பு தாங்காது என்றார் அவர். ஆடம்ஸ் விதியைச் சொல்லி அனுப்பினார். அவர் மறுபடி வந்து வாக்குவாதம் செய்யவில்லை, போய் இரண்டு நாள் வேலை செய்தார். நிமோனியா வந்து ஒரு வாரத்தில் இறந்துபோனார். அவருடைய இரண்டு குழந்தைகளையும் பல வருடங்கள் கவனித்துவந்த ஆடம்ஸ், அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு அது உறுத்துவதாக எழுதுகிறார். வாழ்க்கையை வரையறுத்த விதிகளால் நிர்வகிக்க முடியாது, ஒரு மனிதருடைய வாழ்க்கை முழுவதையும் அவருடைய பழக்கங்களையும் தெரிந்துகொண்டால்தான் அவர் கஷ்டத்தைக் கையாளும் அறிவு வரும் என்பது அவர் கற்றுக்கொண்டது. அதற்கு அந்த மனிதர் கொடுத்த விலை அவர் உயிர். ஆடம்ஸ் அதை மறைக்கவில்லை.

1902இல் வந்த அவருடைய ‘மக்களாட்சியும் சமூக அறவியலும்’ என்ற நூலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ‘திகைப்பு’. தர்மம் செய்யப் போகும் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு, ஏழை வீட்டில் தன் ஒழுக்க அளவுகோல் வேலை செய்யவில்லை என்று தெரியும்போது வரும் திகைப்பு. சிக்கனமாக இரு, சேமி என்று இவள் சொல்கிறாள். கையில் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்குப் பகிர்ந்து கொடுப்பவர்களுக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிகிறது. அந்தத் திகைப்பை மூடி மறைக்காமல் அதிலேயே நின்று யோசிப்பதுதான் ஆடம்ஸுக்கு அறவியல் தொடங்கும் இடம். ஐயத்திலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்குகிறது என்று பிராக்மாட்டிசம் சொல்லுமே, அதைத் தெருவில் இறங்கிச் செய்து காட்டியவர் இவர்.

எலா ஃபிளாக் யங் என்ற கல்வியாளரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. சிகாகோ பள்ளிகளில் ஆசிரியராகத் தொடங்கி, ஐம்பது வயதில் டூயியின் கருத்தரங்கில் மாணவியாக உட்கார்ந்தவர், 1900இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1909இல் சிகாகோ பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளர், 1910இல் தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவர். பள்ளி விவகாரங்களில் தான் சந்தித்தவர்களிலேயே அறிவில் மிகுந்தவர் அவர் என்றும், அவரிடமிருந்து தொடர்ந்து கருத்துகள் பெற்றதாகவும் டூயி ஒப்புக்கொண்டதை டூயியின் மகள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ஹார்வர்டில் ஜேம்ஸிடம் படித்த மேரி விட்டன் கால்கின்ஸின் கதை இன்னும் கசப்பு. முனைவர் பட்டத் தேர்வில் ஆசிரியர்கள் எல்லாரும் பாராட்டியும், பெண் என்பதால் ஹார்வர்ட் பட்டம் தர மறுத்தது. 1902இல் பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃப் பெயரில் தருகிறோம் என்றபோது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1905இல் அமெரிக்க உளவியல் சங்கமும் 1918இல் அமெரிக்கத் தத்துவச் சங்கமும் அவரைத் தலைவராக்கின. ஹார்வர்ட் கடைசிவரை மனம் மாறவில்லை. தத்துவத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்வி, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். ‘இது என் அனுபவம்’ என்றால் செல்லுமா?

1991ஆம் ஆண்டை மறுபடி நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சீக்ஃப்ரீட் ‘பிராக்மாட்டிசப் பெண்ணியவாதிகள் எங்கே’ என்று கேட்ட அதே ஆண்டில், வரலாற்றாசிரியர் ஜோன் ஸ்காட் ‘அனுபவத்தின் சான்று’ என்று ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணியத்தில் அது ஒரு பூகம்பம். ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் அதுவே கேள்விக்கு அப்பாற்பட்ட ஆதாரம் என்ற எண்ணத்தை அவர் உடைத்தார். அனுபவம் என்பது எப்போதுமே ஏற்கெனவே ஒரு விளக்கம், கூடவே அதுவும் விளக்கப்பட வேண்டிய ஒன்று என்றார். பெண் என்ற நிலை எப்படி உருவாக்கப்பட்டது என்று கேட்காமல் பெண் அனுபவம் என்று பேசினால், எதை மாற்ற நினைக்கிறோமோ அதையே இயற்கை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு பக்கம் அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரார்ட்டி. பிராக்மாட்டிசத்தை மறுபடி பேசவைத்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் டூயி ‘அனுபவம்’ என்ற சொல்லையே விட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. எல்லாம் மொழிதான். 1990 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், பெண்ணியவாதிகள் செய்ய வேண்டியது புதிய மொழியை உருவாக்குவது, அந்த மொழி வந்தால்தான் இதுவரை அநீதியாகத் தெரியாதது அநீதியாகத் தெரியும் என்றார்.

சீக்ஃப்ரீட் அனுபவத்தை விடவில்லை, ஆனால் அதைக் கேள்விக்கு அப்பாற்பட்ட வாக்குமூலமாகவும் வைக்கவில்லை. டூயி சொன்ன பொருளில் அனுபவம் என்றால் உள்ளே பூட்டி வைத்த தனிச்சொத்து இல்லையே. சூழலோடு ஊடாடி, பட்டு, திகைத்து, யோசித்து, மறுபடி செய்து பார்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் திருத்தும் தொடர் வேலை அது. ஆகவே ஒருவர் ‘என் அனுபவம்’ என்று சொல்லும்போது விவாதம் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அவர் சொல்வதைக் காதில் வாங்காமல் நடக்கும் ஆராய்ச்சி அரைகுறை. அவர் சொன்னதோடு நின்றுவிட்டாலும் அரைகுறைதான்.

என் சொந்த உதாரணம் ஒன்று தருகிறேன். 1975இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில் ஒரு பெண் ஊழியர் பெண்கள் குழு ஒன்றிடம் வந்தார். மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்டவர் அவர். வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டபோது எதனால் விட்டீர்கள் என்ற கேள்விக்குச் சரியான பதில் எழுத முடியவில்லை, சொந்தக் காரணம் என்றுதான் எழுத முடிந்தது, உதவித்தொகை மறுக்கப்பட்டது. குழுவில் இருந்த மற்ற பெண்கள் பேசப் பேச, தங்களுக்கும் இதேபோல நடந்திருக்கிறது என்று தெரியவந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று பல சொற்களைப் போட்டுப் பார்த்து, ‘பாலியல் தொல்லை’ என்று இன்று நாம் சொல்லும் பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். மொழிதான் எல்லாம் என்றால், சொல் கிடைப்பதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு என்ன இருந்தது? உடம்பு கூசியது, பயம் இருந்தது, வேலைக்குப் போகவே முடியவில்லை. பட்டது இருந்தது, அதற்குச் சொல் இல்லை. பட்டதே போதும் என்றாலும் சரிவராது, ஏனென்றால் தனியாக இருந்தவரை அது ‘சொந்தக் காரணம்’ ஆகத்தான் இருந்தது. சேர்ந்து யோசித்தபோதுதான் அது அறிவாக மாறியது. பிராக்மாட்டிசப் பெண்ணியம் அனுபவத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஸ்காட்டின் கேள்விக்கு, அது எழுப்பப்படுவதற்கு 75 ஆண்டுகளுக்கு முன்பே ஆடம்ஸ் ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 1913இல் ஹல் ஹவுஸில் ஒரு பேய்க் குழந்தை இருப்பதாக ஊரெல்லாம் வதந்தி. இத்தாலியர் சொன்ன கதையில், பக்தியுள்ள ஒரு பெண்ணைக் கட்டிய நாத்திகக் கணவன் சுவரில் இருந்த சாமி படத்தைக் கிழித்து, இதற்குப் பேயே வீட்டில் இருக்கலாம் என்றானாம். யூதர் சொன்னதில், ஆறு பெண் குழந்தைகளின் அப்பா ஏழாவதும் பெண்ணாகப் பிறப்பதற்குப் பேய் பிறக்கலாம் என்றாராம். அப்படியே பிறந்துவிட்டதாம். ஆறு வாரம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஆடம்ஸ் அலுத்துப்போனார். ஆனால் வயதான பெண்கள் வந்தபோது அவரால் அவர்களை விரட்ட முடியவில்லை. ஏழைகள் காப்பகத்திலிருந்து ஒரு மூதாட்டி பத்து சென்ட் கடன் வாங்கிக்கொண்டு தள்ளாடி வந்து சேர்ந்தார். அவர்களை உட்காரவைத்து ஆடம்ஸ் கேட்கத் தொடங்கினார். பேய்க் குழந்தையைப் பற்றிப் பேசப் பேச, அடித்த கணவன், கைவிட்டுப் போன மகன், செத்துப்போன குழந்தைகள் என்று பல வருடமாக வாய்திறக்காத கதைகள் வெளியே வந்தன.

1916இல் வந்த ‘பெண் நினைவின் நீண்ட பாதை’ என்ற நூலில் ஆடம்ஸ் இதை ஆராய்கிறார். இந்தக் கதைகள் அப்படியே உண்மை என்று அவர் சொல்லவில்லை, மூடநம்பிக்கை என்று தள்ளவும் இல்லை. நினைவு இரண்டு வேலை செய்கிறது என்கிறார். பட்ட துயரத்தோடு சமாதானமாக வாழ வழி செய்கிறது, இன்னொரு பக்கம் இனி எது நடக்கக் கூடாது என்று பொறுக்கியெடுத்துச் சமூகத்தைத் திருத்தத் தூண்டுகிறது. வேறு எந்த அதிகாரமும் இல்லாத பெண்களுக்கு, முரட்டுக் கணவனையும் அடங்காத பிள்ளையையும் கட்டுப்படுத்த இந்தப் பேய்க் கதை ஒரு கருவியாக இருந்ததையும் அவர் பார்த்தார். அனுபவம் ஒரு விளக்கம்தான் என்று ஆடம்ஸுக்குத் தெரியும். அந்த விளக்கம் என்ன வேலை செய்கிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி. சீக்ஃப்ரீட் முன்னுரை எழுதிய இரண்டு நூல்களில் இது ஒன்று, மற்றது ‘மக்களாட்சியும் சமூக அறவியலும்’. எல்லாரும் மறந்துபோயிருந்த இந்த நூலுக்குத் தத்துவ நூல் என்ற மரியாதை கிடைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

டூயியை சீக்ஃப்ரீட் விமர்சனம் இல்லாமல் ஏற்றார் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் சேர்ந்து அறிவோடு யோசித்தால் பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கை டூயியிடம் அதிகம். ஒடுக்குமுறையால் ஆதாயம் அடைபவர்கள் ஏன் சேர்ந்து யோசிக்க வருவார்கள் என்ற கேள்வி அவரிடம் பலவீனமாகத்தான் இருக்கிறது. பெண்ணியம் அதிகாரத்தைப் பற்றிப் பேசியதைப் பிராக்மாட்டிசம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், பிராக்மாட்டிசத்தின் அனுபவக் கோட்பாட்டிலிருந்து பெண்ணியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் ஒரேசமயத்தில் அவர் வைக்கும் கோரிக்கைகள். என் பார்வையில் இந்த முதல் பாதியில் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. அடிமைத்தனத்தில் பிறந்து, 1892இலேயே தெற்கிலிருந்து ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலாக நூல் எழுதிய அன்னா ஜூலியா கூப்பர் போன்றவர்கள் இந்த மரபின் ஓரத்தில்தான் நீண்டகாலம் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அவர்களை உள்ளே கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நமக்கும் இதற்கும் உள்ள ஒரு நேரடித் தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். மக்களாட்சி வெறும் அரசாங்க வடிவம் இல்லை, அது சேர்ந்து வாழும் ஒரு முறை, அனுபவத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற வரியை நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கலாம். அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ உரையில், 1936இல் வருகிறது. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது டூயியிடம் பாடம் கேட்டவர் அவர், அந்த வரி டூயியின் ‘மக்களாட்சியும் கல்வியும்’ நூலிலிருந்து வந்தது. அந்த உரையைப் பெரியார் ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று தமிழில் வெளியிட்டார். ஆக, அனுபவம் பகிரப்படாமல் சுவர் எழுப்பி வைத்த சமூகத்தில் மக்களாட்சி இல்லை என்ற டூயியின் எண்ணம் ரொம்ப நாளைக்கு முன்பே தமிழுக்கு வந்துவிட்டது. சீக்ஃப்ரீட் கேட்ட கேள்வியை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யாருடைய அனுபவம் பகிரப்படுகிறது, யாருடையது வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது?

படிப்பதற்கு என் யோசனை: நேராக 1996 புத்தகத்தில் குதிக்க வேண்டாம். அதில் டூயியும் ஜேம்ஸும் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார், தெரியாமல் போனால் பெயர்களின் காட்டில் வழி தவறிவிடும். முதலில் ‘பெண் நினைவின் நீண்ட பாதை’யில் பேய்க் குழந்தை வரும் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். ஆடம்ஸ் 1935இல் இறந்துவிட்டார், இந்தப் பழைய நூல்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் குருட்டுத்தனம் பற்றிய ஜேம்ஸின் கட்டுரை, ஒரே மாலையில் முடித்துவிடலாம். அதன் பிறகு டூயியின் 1919 உரை. இந்த மூன்றும் முடிந்த பிறகு சீக்ஃப்ரீடின் ஏழாவது அத்தியாயத்தை எடுங்கள். முதலாவது அத்தியாயத்தைக்கூடப் பிறகு படித்துக்கொள்ளலாம். கட்டுரை எழுதப்போகிறீர்கள் என்றால் ஆடம்ஸையும் டூயியையும் ஒப்பிட்டு அவர் 1999இல் எழுதிய, மக்களாட்சியைச் சமூகமயமாக்குவது பற்றிய கட்டுரையையும் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். பாலியல் தொல்லை உதாரணத்தை உங்கள் கட்டுரையில் எடுத்துக்கொண்டால், அது சீக்ஃப்ரீடின் வாதம் என்று எழுதிவிடாதீர்கள், பொருத்திப் பார்த்தது நான்தான்.